நாலு கம்பி எண்ணினேன்!

நான் கம்பி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பதறாதீர்கள். புழலில் இல்லை, வீட்டில்தான். என் கம்பிகள் மொத்தமே நாலு. தடிமன் வரிசையில் ஈ, ஏ, டி, ஜி என்று பெயர். நாலும் ஒரு பேஸ் கிடாரின் மேல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன.

பேஸ் கிடார் என்றால்... மெல்லிசைக் கச்சேரி மேடையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், லைட் விழாத மூலையில், நீளக் கழுத்து கிடாரை மாட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒருத்தர் நிற்பாரே, அவர் வாசிப்பது. பாடகருக்குக் கைதட்டல் விழும். டிரம்மருக்கு விசில் பறக்கும். பேஸ் வாசிப்பவருக்குக் காபி வரும். அதுவும் கடைசியில், ஆறிப்போய். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டு மாமா மேடைக்கே வந்து, "தம்பி, உங்க கிடார்ல ரெண்டு கம்பி அறுந்துபோச்சு போலிருக்கே?" என்று கவலையோடு விசாரித்தார். பிறவியிலேயே நாலுதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இப்படிப்பட்ட நாலு கம்பியை எந்தக் கடையில், எந்த ரகத்தில் வாங்குவது என்பதற்காக நான் ஒரு வருஷம் அலைந்தேன். காரணம், என் பிழைப்பே அந்தரத்தில் தொங்கியது.

காணாமல் போன பேஸ்

2022 வைகாசி முகூர்த்தம். திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். 'மூடுபனி' (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடிய அந்த கிடார் பாட்டை எடுத்தோம். இளையராஜா பாட்டு என்றால் எங்கள் ஜாதிக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. பாட்டுக்கு அடியில் பேஸ் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். நானும் கண்ணை மூடி உருகி வாசித்தேன். கண்ணைத் திறந்தால் எங்கள் குழுத் தலைவர், நாங்கள் 'மாஸ்டர்' என்று கூப்பிடுபவர், கீபோர்டில் இருந்தபடியே என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ வாசிச்சியா?"

"வாசிச்சேனே மாஸ்டர்!"

"எனக்குக் கேக்கலை. முன் வரிசைல உக்காந்திருக்கிறவனுக்கும் கேட்டிருக்காது. வீடியோக்காரனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும், உன் விரல் ஆடறது."

"சவுண்டு கூட்டச் சொல்லட்டுமா?"

"கூட்டியாச்சு. மண்டபம்தான் அதிருது. சுரம் வரலை. மொத்து மொத்துன்னு தலைகாணிய அடிக்கிற மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காத. கீபோர்டு இடது கையிலேயே பேஸ் வாசிச்சுடலாம்னு எல்லா ட்ரூப்பும் பண்றான். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். உனக்காகத்தான் பாக்கறேன்" என்றார்.

எனக்கு முன்னால் அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் ஒரு அண்ணன். இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தவர். "சரியா கேக்க மாட்டேங்குதுப்பா, காது போச்சு" என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அவருடைய கிடாரைத்தான் நான் செகண்ட் ஹாண்டில் வாங்கியிருந்தேன். அவர் இடம், அவர் கிடார், இப்போது அவர் பிரச்னையும் எனக்கே வந்துவிட்டதா? எனக்கும் காது போய்விட்டதா?

டிரம்மர் நண்பன்தான் கேட்டான். "டேய், கம்பி எப்ப மாத்தின?"

"மாத்தணுமா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை, ஸ்கூட்டருக்கு ஆயிலே மாற்றாமல் ஓட்டுகிறவனை மெக்கானிக் பார்ப்பதோடு ஒப்பிடலாம்.

கம்பி எப்படிச் சாகிறது?

பேஸின் தடித்த ஈ கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98. மனிதக் காது 20-லிருந்து கேட்கும் என்பார்கள். ஆனால் 41 என்பது காதுக்கும் கஷ்டம், மண்டபத்து ஸ்பீக்கருக்கு அதைவிடக் கஷ்டம். அப்படியானால் நாம் எப்படி அந்த சுரத்தைக் கேட்கிறோம்?

கம்பி ஒரே அதிர்வை மட்டும் தருவதில்லை. 41-உடன் அதன் இரண்டு மடங்கு 82, மூன்று மடங்கு 123, நாலு மடங்கு 164 என்று மேலே மேலே ஒரு பட்டாளமே சேர்ந்து வருகிறது. இந்தப் பட்டாளத்தைக் கேட்டால் போதும். "இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், அப்படியானால் தலைவர் 41-ம் வந்திருக்க வேண்டும்" என்று மூளை தானே கணக்குப் போட்டு, ஸ்பீக்கர் தராத சுரத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்கிறது! பேஸில் 'கணீர்' என்பது இந்த மேல் அதிர்வுகள்தான். அது வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். கணீர் போனால், கூட்டமுள்ள மண்டபத்தில் சுரமே போய்விடும்.

கம்பி பழசானால் முதலில் சாவது இந்தப் பட்டாளம். பேஸ் கம்பியை உற்றுப் பாருங்கள். உள்ளே எஃகு நரம்பு ஒன்று. அதன் மேல் மோட்டாருக்குக் காயில் கட்டின மாதிரி நெருக்கமாக இன்னொரு கம்பி சுற்றியிருக்கும். சுற்றுக்குச் சுற்று நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விரலின் வியர்வை, எண்ணெய்ப் பசை, செத்த தோல், தூசி எல்லாம் போய்க் குடியேறும். (கச்சேரிக்கு முன்னால் பந்தியில் வடை சாப்பிட்டுவிட்டு வேட்டியில் கை துடைக்கிறவர்களின் கம்பியில் வடையும் இருக்கும்.) சுற்றுகள் சுதந்திரமாக அசைய முடியாது. மேல் அதிர்வுகள் பிறந்த உடனே அமுங்கிப்போகும். கூடவே உப்புக் காற்றில் துரு பிடிக்கும். ஃப்ரெட்டில் அழுத்தி அழுத்தி அடிப்பக்கம் தழும்பு விழும். அழுக்கு ஒரே சீராகப் படியாததால் கம்பியின் கனம் இடத்துக்கு இடம் மாறி, சுருதியும் மேலே போகப் போகப் பிசகும்.

இதில் விஷமம் என்னவென்றால், இது ஒரே நாளில் நடப்பதில்லை. முதல் சில நாளில் கொஞ்சம் வேகமாகக் குறையும். பிறகு தினம் ஒரு துளி. வாசிக்கிறவன் காது அதற்குத் தினமும் பழகிக்கொண்டே போகும். வீட்டு பல்பு மங்கிக்கொண்டே போவது வீட்டுக்காரருக்குத் தெரியாது, விருந்தாளிக்குத் தெரியும். அதேதான்.

உருண்டையா, தட்டையா?

கடைக்குப் போனால் முதல் கேள்வி: ரவுண்டுவவுண்டா, ஃப்ளாட்வவுண்டா?

மேலே சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்டுவவுண்டு. தட்டையான நாடா மாதிரி இருந்தால் ஃப்ளாட்வவுண்டு. தட்டை வழவழவென்று இருக்கும், அழுக்கு உட்காரப் பள்ளம் கிடையாது, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் சத்தம் மெத்தென்று இருக்கும். உருண்டை கணீரென்று பேசும். ஆனால் ஆயுசு கம்மி. இரண்டு நல்ல குணமும் ஒரே இடத்தில் அமைவது ஜாதகத்திலேயே அபூர்வம், கம்பியில் எங்கே!

லியோ ஃபெண்டர் 1951-ல் 'பிரிஸிஷன் பேஸ்' என்று மின்சார பேஸ் கிடாரைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பல வருஷம் தட்டைக் கம்பிதான் வழக்கம். மாற்றியவர் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விஸில். 1965-ல் 'மை ஜெனரேஷன்' பாட்டுக்காக அவர் வாங்கிய டேன்எலெக்ட்ரோ பேஸில் மெல்லிசான, கணீரென்ற கம்பிகள் இருந்தன. அது அறுந்துபோயிற்று. கம்பி மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. மனுஷன் என்ன செய்தார்? கம்பிக்காக இன்னொரு கிடாரே வாங்கினார்! அவரே பின்னால் பேட்டிகளில் சொன்ன கதை. ரீஃபில் தீர்ந்தால் புதுப் பேனா வாங்குவதைவிட இது காஸ்ட்லி.

அடுத்த வருஷம், 1966-ல், இங்கிலாந்தின் ரோட்டோசவுண்டு கம்பெனியோடு உட்கார்ந்து, கம்பி பியானோ மாதிரி கணீரென்று ஒலிக்கும்வரை விடாமல் மாற்றிப் பார்த்தார். பிறந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்டுவவுண்டு, 'ஸ்விங் பேஸ் 66'. பெயரிலேயே வருஷம் இருக்கிறது. இன்றும் விற்கிறது.

"அப்ப தட்டை வேஸ்ட்டா?" என்று அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் மோடவுன் ரிக்கார்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன் என்ற மேதை, 1962 மாடல் பிரிஸிஷனில் தடிமனான தட்டைக் கம்பி போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். ஒரு தலைமுறையே அந்தப் பழைய கம்பிக்கு ஆடியது. ஆனால் அவர் வாசித்தது ஸ்டுடியோவில். ஊசி விழுந்தால் கேட்கிற இடம். எங்கள் மண்டபத்தில் பந்திப் பாத்திரம் விழுந்தாலே கேட்காது.

இன்னொரு வேடிக்கை. அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் தட்டைக் கம்பிதான் போடுகிறார், ஆனால் கணீரென்று விளாசுகிறார். ரகசியம்? கச்சேரிக்குக் கச்சேரி புதுக் கம்பி! புத்தம் புதுசு என்றால் தட்டையும் பேசும். உலகம் சுற்றும் குழுவுக்கு அது கட்டுப்படியாகும். திருவொற்றியூர் சுற்றும் குழுவுக்கு?

உலோகம், பூச்சு, தடிமன்

உருண்டை என்று முடிவாயிற்று. அடுத்தது, எந்த உலோகம்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் இருப்பதில் கணீர். துருவுக்கும் தாக்குப்பிடிக்கும். ஆனால் விரலுக்குச் சொரசொரப்பு, ஃப்ரெட்டையும் கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கும், விரல் நகரும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வேறு. நிக்கல் முலாம் பூசிய ஸ்டீல் நடுவாந்தரம்: கணீரும் உண்டு, கைக்கும் இதம். பெரும்பாலான புது கிடார்களில் வருவது இதுதான். சுத்த நிக்கல் இன்னும் மென்மை, பழைய காலத்துக் குரல்.

பிறகு பூச்சு. கோர்டெக்ஸ் மழைக்கோட்டுத் துணி செய்கிற கோர் கம்பெனி 1990-களின் பிற்பகுதியில் 'எலிக்ஸிர்' என்ற பெயரில், கம்பிக்கு மெல்லிய பாலிமர் பூச்சுப் போட்டு விற்க ஆரம்பித்தது. கோர்டெக்ஸ் துணியும் நம் வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லும் ஒரே வம்சம். கல்லில் மாவு ஒட்டாத மாதிரி, கம்பிப் பள்ளத்தில் அழுக்கு இறங்காது. கணீர் பல மடங்கு நாள் நிற்கும். இப்போது டடாரியோ போன்ற மற்ற கம்பெனிகளும் பூச்சுக் கம்பி போடுகின்றன. குறை? விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. தொட்டால் லேசாக வழுக்கும். பிக் வைத்து முரட்டடி அடிப்பவர்களுக்குப் பூச்சு இழை இழையாகப் பிரியலாம். (தோசைக்கல்லில் கரண்டியால் சுரண்டினால் என்ன ஆகுமோ, அது.)

தடிமன்: பாக்கெட்டில் 45-105 என்று போட்டிருந்தால், மெல்லிய ஜி கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு, தடித்த ஈ கம்பி 105 பங்கு என்று அர்த்தம். மில்லிமீட்டரில் சுமார் 1.1-லிருந்து 2.7 வரை. பொதுவாக எல்லோருக்கும் ஒத்துவரும் அளவு இது. கிடார் பழைய தடிமனுக்குப் பழகியிருக்கும், சட்டென்று மாற்றினால் கழுத்தின் வளைவு மாறி 'கர்கர்' என்று சத்தம் வரலாம். நீளமும் முக்கியம். பெரும்பாலான பேஸ்களுக்கு அதிரும் நீளம் 34 அங்குலம், 'லாங் ஸ்கேல்' என்பார்கள். பாக்கெட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். நீளம் போதாத கம்பியை ஒட்டுப் போட முடியாது.

பி.காம். கைகொடுத்தது

இவ்வளவு தெரிந்த பிறகும் இரண்டு மடங்கு விலை தொண்டையில் நின்றது. கல்லூரியில் காஸ்ட் அக்கவுண்டிங் எடுத்த பேராசிரியரை அப்போதுதான் நன்றியோடு நினைத்தேன்.

உதாரணமாக, பூச்சில்லாத செட் 2,000 ரூபாய், எட்டு கச்சேரிக்குக் கணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு 250 ரூபாய். பூச்சுள்ள செட் 4,000 ரூபாய், இருபத்துநாலு கச்சேரி தாங்கினால்? கச்சேரிக்கு 167 ரூபாய் கூட ஆகவில்லை. விலையைப் பார்க்காதே, ஒரு கச்சேரிக் கணீருக்கு என்ன செலவு என்று பார்! உங்கள் கை வியர்க்காத கை, மாதத்துக்கு ஒரு நாள்தான் வாசிக்கிறீர்கள் என்றால் கணக்குத் தலைகீழாகலாம். எண்களை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, கம்பி மாட்டிய தேதியை டைரியில் குறிப்பது.

இன்னொன்றும் அக்கவுண்டன்ஸியில்தான் இருக்கிறது. தேய்மானத்தில் இரண்டு வகை படித்திருப்பீர்கள்: வருஷாவருஷம் ஒரே தொகை குறைவது ஒன்று, முதலில் அதிகமாகவும் போகப் போகக் குறைவாகவும் குறைவது இன்னொன்று. கம்பி இரண்டாவது ஜாதி. மாட்டிய முதல் நாள் மினுமினுப்பு யார் செய்த கம்பியிலும் நிற்காது. அதைப் பார்த்து ஏமாந்து வாங்காதீர்கள். இரண்டாவது வாரமும் எப்படிப் பேசுகிறது என்பதுதான் கேள்வி.

நான் செய்த மூன்று முட்டாள்தனங்கள்

கணக்கெல்லாம் பிறகு வந்த ஞானம். அதற்கு முன்னால் நடந்தவை:

ஒன்று: காசை மிச்சம் பிடிக்க, பழைய கம்பிகளைக் கழற்றி வேக வைத்தேன். பேஸ் உலகில் இது பழைய வைத்தியம்தான். கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் பள்ளத்து அழுக்கு கழன்று வரும். அம்மா அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்து, "என்னடா இது, இடியாப்பமா?" என்றாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்த பிறகு அந்தப் பாத்திரத்தை என் கண் முன்னாலேயே வெளியே வைத்தாள். நன்றாகத் துடைத்து மாட்டினேன். ஆச்சரியம், கம்பி கொஞ்சம் பேசியது! நாலு நாள். ஐந்தாம் நாள் பழையபடி தலைகாணி. துருவும் தழும்பும் வெந்நீரில் போவதில்லை. வேக வைப்பது அவசரத்துக்கு ஆகும், ஆயுசுக்கு ஆகாது.

இரண்டு: பெயர் சொல்ல வேண்டாத ஒரு கடையில், பெரிய கம்பெனி பாக்கெட் பாதி விலைக்குக் கிடைத்தது. வீட்டில் வந்து பார்த்தால் அட்டையில் கம்பெனி பெயரிலேயே ஒரு எழுத்து காணோம். கம்பி, ஒரு எழுத்துக்கு மேல் குறைவாக இருந்தது. பாதி விலை என்றாலே கை பின்வாங்க வேண்டும். டடாரியோ பாக்கெட்டுக்குள் ஒரு கோட் நம்பர் வரும், கம்பெனி வலைத்தளத்தில் அடித்தால் அசலா என்று தெரிந்துவிடும்.

மூன்று: அசல் ஸ்டெயின்லெஸ் செட் வாங்கினேன். ஈ கம்பி நீளமாக இருக்கிறதே என்று மாட்டுவதற்கு முன்னாலேயே 'டக்'கென்று வெட்டினேன். செத்தது! வெட்டிய முனையில் மேல் சுற்று நழுவி நெகிழ்ந்துவிட்டால் புதுக் கம்பியும் பழசு மாதிரி மொத்தென்றுதான் பேசும். முதலில் கம்பியை ட்யூனிங் கீக்கு அப்பால் மூன்று நாலு அங்குலம் விட்டு, செங்குத்தாக மடக்கி, மடித்த இடத்துக்கு வெளியே வெட்ட வேண்டும். மடிப்பு, சுற்றை நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சின்ன மடிப்பு தெரியாததற்கு ஒரு முழு செட் தண்டம்.

இதற்கிடையில் மாமா ஒருவர், துரு பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். தடவவில்லை. அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

மாட்டினால் போதுமா?

கடைசியில் நான் வாங்கியது பூச்சுப் போட்ட நிக்கல் ரவுண்டுவவுண்டு, 45-105. எனக்கு வியர்க்கும் கை, எங்கள் ஊருக்கு உப்புக் காற்று, எங்கள் மண்டபங்களுக்கு இரைச்சல். மூன்றுக்கும் அதுதான் ஒத்துவந்தது. உங்கள் கை வேறு, ஊர் வேறு என்றால் வேறு கம்பி.

ஆனால் பாதி ஆயுசு பாக்கெட்டில் இல்லை, நம் கையில்தான் இருக்கிறது. வாசிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவிக் காய வைக்க வேண்டும். முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியாக, அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். மேலே மட்டும் துடைப்பது, சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடுகிற மாதிரி. பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், புது ஷூ டப்பாவில் வருமே அது, போட்டு வையுங்கள்.

இன்னொரு கேள்வி வரும். "எல்லாப் பாட்டுக்கும் கணீர் வேண்டுமா? அறுபதுகளின் பாட்டுக்கு மெத்தென்றுதானே இருக்க வேண்டும்?" நியாயம். அதற்குத்தான் கிடாரில் டோன் திருகு இருக்கிறது. கணீரை அதில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இல்லாத கணீரை எந்தத் திருகாலும் கொண்டுவர முடியாது. செத்த கம்பிக்கு ஆம்ப்பில் ட்ரெபிளை ஏற்றினால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் ஏறும். அதனால் கம்பியைக் கணீரென்று வாங்குவதே புத்திசாலித்தனம்.

அண்ணன் வந்தார்

புதுக் கம்பியோடு முதல் கச்சேரி. ராயபுரத்தில் ஒரு வரவேற்பு. 'மூடுபனி' பாட்டு. மாஸ்டர் என்னை முறைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்து, கட்டைவிரலை மட்டும் காட்டினார். பதினைந்து வருஷ நண்பர்களுக்கே அவர் அதைக் காட்டுவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் கச்சேரி முடிந்து நடந்தது. பெண் வீட்டுக்குத் தெரிந்தவராக அந்தப் பழைய அண்ணன் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் மேடைக்கு ஓரமாக நின்றார். நேரே கிடாரிடம் போனார்.

"கம்பி மாத்தினியா?"

"ஆமாண்ணே."

"எப்ப?"

"போன வாரம்."

கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் மாத்தி ஆறேழு வருஷம் இருக்கும்ப்பா. பொண்ணு கல்யாணம், வீட்டு லோன்... நாலு கம்பிக்கு ரெண்டாயிரமான்னு தள்ளிப் போட்டுகிட்டே வந்தேன். நல்லாத்தானே இருக்குன்னு தோணிச்சு." நிறுத்தினார். "கடைசியா, மேடைல என் பேஸ் எனக்கே கேக்கலை. காது போச்சுன்னு நெனச்சேன். வயசாச்சுல்ல... விட்டுட்டேன்."

"இப்ப கேட்டுதாண்ணே?"

"வாசல்ல செருப்பு கழட்டும்போதே கேட்டுது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காதில் வயசு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அவரை மேடையை விட்டு இறக்கியதில் பெரும் பங்கு அந்த நாலு செத்த கம்பிக்குத்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் செத்ததால் அவருக்கே தெரியாமல் போயிற்று. தள்ளிப்போட்ட இரண்டாயிரம் ரூபாய்க்கு இருபது வருஷ வாசிப்பு விலையாகிவிட்டது. இந்தக் கணக்கைப் போட எந்த காஸ்ட் அக்கவுண்டிங்கிலும் ஃபார்முலா இல்லை.

"அண்ணே, ஒண்ணு வாசிங்களேன்" என்றேன்.

வேண்டாம் வேண்டாம் என்றபடியே வாங்கிக்கொண்டார். பந்தல்காரர்கள் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு கீபோர்டில் உட்கார்ந்தார். டிரம்மர் குச்சியைத் திரும்ப எடுத்தான். அதே பாட்டு. நான் இத்தனை நாள் வாசித்ததும் இவர் வாசித்ததும் ஒரே பாட்டுத்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நாற்காலி மடக்கிய பையன்கள் இரண்டு பேர், மடக்கிய நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முடித்ததும் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். அடிப்பக்கமும் சேர்த்து. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிடாரை என் கையில் கொடுத்தார்.

"எண்ணிப் பாத்துக்கப்பா. நாலும் இருக்கு" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து, பழைய பாட்டு கேட்கிற கல்யாணங்களுக்கு அவரும் வருகிறார். அந்த நாட்களில் கம்பி எண்ணுவது அவர். எனக்கு ரிதம் கிடார்.

அதில் ஆறு கம்பி.